நிலத்தைப் பேணும் விவசாயக் குடும்பங்களுக்கு விருது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

அதிக மகசூல் எடுத்தவருக்குப் பரிசு கொடுப்பது சுலபம். எடை போட்டுப் பார்த்தால் முடிந்தது. மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் பயிர் செய்யும் குடும்பத்தைத் தேடிப் பிடித்துப் பாராட்டுவதுதான் சிரமம். அவர்கள் செய்த நல்ல காரியங்களில் பாதி, நடக்காமல் போன விஷயங்கள். பெருமழையில் மேல்மண் அடித்துக்கொண்டு போகவில்லை, கீழே இருக்கும் ஏரியில் வண்டல் சேரவில்லை, பக்கத்துக் கிணற்றில் உரத்திலிருந்து கசியும் நைட்ரேட் ஏறவில்லை. இதையெல்லாம் எந்தத் தராசில் வைப்பது?

விவசாயிகள் சங்கம், கூட்டுறவு அமைப்பு, நீர்ப் பயன்படுத்துவோர் குழு, கல்லூரி மாணவர்கள் என்று யார் இப்படியொரு விருதை முதல் தடவை தொடங்கினாலும் இந்தக் கேள்வியில்தான் முட்டிக்கொள்வார்கள். முட்டிக்கொண்டதும் பெரும்பாலானவர்கள் ஒரு விண்ணப்பப் படிவத்தை அச்சடித்துவிடுவார்கள். அதை நன்றாக நிரப்பத் தெரிந்தவருக்கு விருது போய்விடும். என் கட்சி இதுதான்: வயலில் இறங்கி மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் கொடுக்கிற விருது, எழுத்துத் திறமைக்குக் கொடுக்கிற விருது. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அந்த ஒரு நாள் வயல் நடையை ஒழுங்காக நடத்துவதற்கான ஏற்பாடுகள்.

எதற்காக இந்த மெனக்கெடல்?

உங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்பார், "அவங்க நிலத்தை அவங்க பார்த்துக்கறாங்க, இதுக்கு எதுக்கு விருது?" என்று. பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் உருவாக ஆயிரம் ஆண்டு வரை ஆகலாம் என்று ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு சொல்கிறது. அது ஒரே கோடை மழையில் போய்விடலாம். அடுத்தது கணக்கு வழக்கு. ஓடைக்கரையில் பத்து மீட்டர் அகலத்துக்குப் புல்லும் மரமுமாக விட்டுவைக்கும் குடும்பத்துக்கு, அந்தப் பத்து மீட்டரில் விளைந்திருக்க வேண்டியது நஷ்டம். தண்ணீர் தெளிவாக வருவதன் லாபம் கீழே இருக்கும் யாருக்கோ. செலவு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு என்று இருக்கும் இடத்தில், பலன் பெறுபவர்கள் சேர்ந்து ஒரு நன்றியாவது சொல்ல வேண்டாமா?

முன்மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவில் சாண்ட் கவுன்டி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2003 முதல் லியோபோல்ட் பாதுகாப்பு விருதை மாநிலம் மாநிலமாக வழங்கி வருகிறது. பயிர் விவசாயிகள், மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்கள், காடு வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. நியூசிலாந்தில் பண்ணைச் சுற்றுச்சூழல் விருதுகள் இருக்கின்றன. அங்கே தேசிய அளவில் வெல்பவர்களுக்குக் கிடைக்கும் கோப்பைக்கு கார்டன் ஸ்டீபன்சன் பெயர். அவரே ஒரு விவசாயி. தன் நிலத்திலிருந்த இயற்கைக் காட்டைச் சட்டப்படி என்றென்றைக்கும் பாதுகாக்க எழுதிக்கொடுத்தவர். தனி மனிதர்களை விட்டுவிட்டு, ஒரு வட்டாரத்தின் விவசாய முறையையே அங்கீகரிக்கும் வழியும் உண்டு. உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2002-ல் தொடங்கிய உலக வேளாண் பாரம்பரிய அமைப்புகள் திட்டம் அந்த வகை. இவற்றில் எதையும் அப்படியே நகல் எடுக்க வேண்டியதில்லை. விதிமுறைகளைப் படித்துப் பார்த்துவிட்டு உங்கள் ஆள்பலத்துக்கு ஏற்றபடி சுருக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரே ஒரு வாக்கியம்

எதைப் பாராட்டப் போகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி, குழுவில் எல்லோரிடமும் ஒப்புதல் வாங்குங்கள். "பிழைப்புக்காகப் பயிர் செய்துகொண்டே, தங்கள் மண்ணையும் நீரையும் சுற்றியுள்ள உயிர்களையும் முன்பிருந்ததைவிட நல்ல நிலையில் வைத்திருக்கும் குடும்பம்" என்பது போல. இதில் ஒவ்வொரு சொல்லும் பிறகு சண்டையைத் தீர்த்துவைக்கும். "பிழைப்புக்காக" என்று இருப்பதால், வேறு வருமானத்தில் வாழ்ந்துகொண்டு பொழுதுபோக்குக்குத் தோட்டம் போட்டவர் போட்டியில் இல்லை. "முன்பிருந்ததைவிட" என்று இருப்பதால், நல்ல நிலம் கையில் கிடைத்த அதிர்ஷ்டத்துக்கு மதிப்பெண் இல்லை.

இந்த இரண்டாவது விஷயம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகக் கருப்பாக, பொலபொலவென்று இருக்கும் மண்ணை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. இன்னொரு குடும்பம் உவர் பூத்துக் கிடந்த நிலத்தை வாங்கி, பத்து ஆண்டில் அதில் ஏதோ விளையும்படி செய்திருக்கிறது. இன்றைய நிலையை மட்டும் பார்த்தால் முதல் குடும்பம் ஜெயிக்கும். மாற்றத்தை மட்டும் பார்த்தால் இரண்டாவது குடும்பம். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு அடித்துக்கொள்வதைவிட, "காத்தவர்", "மீட்டவர்" என்று இரண்டு பிரிவாக வைத்துவிடுவது நல்லது.

எத்தனை ஆண்டு செய்திருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். மண்ணில் கரிமச் சத்து, அதாவது மக்கிய இலைதழையும் சாணமும் தரும் சத்து, ஏறுவது மிக மெதுவாக நடக்கும். ஓரிரண்டு ஆண்டில் வரும் வித்தியாசம் பரிசோதனைப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். குறைந்தது ஐந்து ஆண்டு என்று நான் வைப்பேன்.

செய்ததைப் பார்ப்பதா, விளைந்ததைப் பார்ப்பதா?

புதிய குழுக்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். சொட்டுநீர் போட்டிருக்கிறாரா, பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறாரா, மரம் நட்டிருக்கிறாரா என்று பட்டியல் போட்டு டிக் அடித்துவிடுவது வசதியாக இருக்கிறது. ஆனால் சொட்டுநீர் போட்ட பிறகு, மிச்சமான தண்ணீரை நம்பிக் கூடுதல் நிலத்தில் பயிர் வைத்து, மொத்தத்தில் முன்பைவிட அதிகம் இறைப்பது உலகம் முழுக்க நடப்பதுதான். பண்ணைக்குட்டையும் அப்படியே. மழைநீரைப் பிடிக்க வெட்டியதா, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்து நிரப்பி வெயிலில் ஆவியாக விடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். உழவே இல்லாமல் விவசாயம் செய்கிறேன் என்பவர் களைக்கொல்லியை எவ்வளவு அடிக்கிறார் என்று கேட்க வேண்டும். இயற்கையான புல்வெளியில் வெளியூர் மரங்களை வரிசையாக நட்டுவைத்தால், பார்க்கப் பசுமையாக இருக்கும், அங்கே வாழ்ந்த பறவைகளும் பூச்சிகளும் போய்விட்டிருக்கும்.

அதனால் ஒவ்வொரு தலைப்பிலும் கேள்வியை விளைவை நோக்கித் திருப்புங்கள். சொட்டுநீர் இருக்கிறதா என்று கேட்காமல், மோட்டார் ஓடும் நேரம் குறைந்ததா என்று கேளுங்கள். மண் பரிசோதனை செய்தாரா என்பதோடு நிறுத்தாமல், அந்த அறிக்கையைப் பார்த்து உரத்தை எங்கே குறைத்தார், எங்கே கூட்டினார் என்று கேளுங்கள். தலைப்புகள் நான்கு போதும்: மண், நீர், வயலைச் சுற்றிய உயிர்கள், தெரிந்ததைப் பிறரோடு பகிர்வது. அதற்கு மேல் போனால் நடுவர்கள் படிவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், வயலைப் பார்க்க மாட்டார்கள்.

சில விஷயங்களுக்கு மதிப்பெண்ணே கிடையாது, இருந்தால் உள்ளே வரக்கூடாது, அவ்வளவுதான். நீர்நிலையை ஆக்கிரமித்திருப்பது, குழந்தைகளை வேலைக்கு வைப்பது, கூலி பாக்கி வைப்பது. மண்ணை இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறவர் வேலையாட்களை எப்படி நடத்தினாலும் நமக்கென்ன என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

குழுவில் யார் யார்

ஐந்து பேர் போதும். பாதிக்கு மேல் விவசாயிகளாக இருக்கட்டும். மண் தெரிந்தவர் ஒருவர், நீர் அல்லது காட்டுயிர் பற்றித் தெரிந்தவர் ஒருவர். இரண்டாம் ஆண்டிலிருந்து, முந்தைய ஆண்டு விருது பெற்ற குடும்பத்திலிருந்து ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கும் நிறுவனம் மேடையில் உட்காரலாம், தேர்வுக் குழுவில் உட்காரக்கூடாது. உரமோ விதையோ பூச்சிமருந்தோ விற்பவர் பணம் கொடுக்கிறார் என்றால் இது இன்னும் முக்கியம். சொந்தக்காரர், கடன் கொடுத்தவர், எல்லைத் தகராறு இருப்பவர் யாராவது பட்டியலில் வந்தால், அந்தக் குடும்பத்தைப் பற்றிய பேச்சு நடக்கும்போது சம்பந்தப்பட்ட நடுவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

பரிந்துரைகளை வரவழைப்பது

நல்ல குடும்பங்கள் தாங்களாக விண்ணப்பிக்காது. கூச்சம் ஒரு காரணம், நேரமின்மை இன்னொன்று. "நாங்க என்ன பெருசா செஞ்சுட்டோம்" என்பார்கள். ஆகவே அடுத்தவர் பரிந்துரைக்கும் வழியைத் திறந்து வைக்க வேண்டும்.

யாரிடம் கேட்பது? பண்ணைக்குள் அடிக்கடி போய்வருகிறவர்களிடம். கால்நடை மருத்துவர், மோட்டார் பழுது பார்ப்பவர், பால் எடுப்பவர், அறுவடை இயந்திரம் ஓட்டுபவர். இவர்கள் எல்லா வயல்களின் பின்பக்கத்தையும் பார்த்தவர்கள். அதைவிட நல்ல ஆள், கீழ்ப்பக்கத்து நிலத்துக்காரர். பெருமழை முடிந்த மறுநாள் அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: மேலே யார் வயலிலிருந்து வரும் தண்ணீர் கலங்காமல் வருகிறது? அவர் சொல்லும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு செலவழித்தாலும் அதைவிட நம்பகமான பரிந்துரை கிடைக்காது.

படிவம் ஒரு பக்கம் இருந்தால் போதும். எழுதத் தயங்குபவர்கள் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம் என்று சொல்லிவிடுங்கள், குழுவில் ஒருவர் அதை எழுதிக்கொள்ளட்டும். பரிந்துரை வந்ததும் அந்தக் குடும்பத்திடம் சம்மதம் கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். நாலு பேர் வந்து போனால் நிலத்தின் மேல் கண் விழும், அதிகாரிகள் கேள்வி கேட்பார்கள் என்று பயப்படுவார்கள். வற்புறுத்தாதீர்கள்.

குத்தகைக்காரர்கள் விஷயத்தில் கவனமாக இருங்கள். பட்டா ஒருவர் பெயரில், உழைப்பு இன்னொருவருடையது என்றால் விருது உழைத்தவருக்குத்தான். நாளைக்கே நிலம் கைமாறலாம் என்று தெரிந்தும் அதில் தொழுவுரம் கொட்டிப் பசுந்தாள் மடக்கி உழுகிறவரை விட்டுவிட்டு, வெளியூரில் இருக்கும் உரிமையாளரை மேடைக்கு அழைப்பது அநியாயம். அதே சமயம் உரிமையாளருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள். நிலம் நன்றாகிவிட்டது என்று விருது வந்ததுமே குத்தகையை ஏற்றிவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

வயல் நடை

சரி, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். பரிந்துரைகளை வடிகட்டி ஐந்தாறு குடும்பங்களை வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வயல்களையும் குழுவிலிருந்து அதே மூன்று நடுவர்கள் பார்க்க வேண்டும். ஆளை மாற்றினால் ஒப்பிட முடியாது. முடிந்தால் இரண்டு முறை போங்கள், வறண்ட காலத்தில் ஒரு தடவை, மழைக்கு அடுத்த சில நாட்களில் ஒரு தடவை. ஒரு தடவைதான் முடியும் என்றால் மழைக்குப் பிறகு. ஒரு பண்ணைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். விதைப்பு, அறுவடை நாட்களில் போய் நிற்காதீர்கள்.

பையில் இருக்க வேண்டியவை: மண்வெட்டி, அளவுகோல், 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்பு வளையம் ஒன்று, அதை அடித்து இறக்கச் சுத்தியலும் கட்டையும், அளவு குறித்த தண்ணீர் பாட்டில், வாய் அகன்ற கண்ணாடிக் குவளை, கொஞ்சம் கம்பிவலை, நைட்ரேட் பார்க்கும் காகிதப் பட்டைகள், நிலத்தின் வரைபடம். அவ்வளவுதான். ஆய்வகப் பரிசோதனை அறிக்கைகள் குடும்பத்திடம் இருந்தால் வாங்கிப் பாருங்கள், இல்லையென்றால் அதற்காகக் குறைக்காதீர்கள்.

மூன்று இடத்தில் தோண்டுங்கள். ஒன்று குடும்பம் காட்டும் இடம், அது அவர்களுடைய நல்ல இடமாகத்தான் இருக்கும். இன்னொன்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடம். மூன்றாவது, வேலியோரத்தில் பல ஆண்டுகளாக உழாமல், மிதிபடாமல் கிடக்கும் இடம். இந்த மூன்றாவது குழியைப் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். ஆனால் அதுதான் உங்கள் அளவுகோல். மணற்பாங்கான நிலத்தில் தண்ணீர் தானாகவே சீக்கிரம் இறங்கும், களிமண்ணில் இறங்காது. ஒரு குடும்பத்தின் மணலையும் இன்னொரு குடும்பத்தின் களிமண்ணையும் ஒப்பிட்டால் நீங்கள் நிலவியலுக்குப் பரிசு கொடுக்கிறீர்கள். ஒவ்வொரு வயலையும் அதனுடைய சொந்த வேலியோர மண்ணோடு ஒப்பிடுங்கள். வயல் மண் வேலியோர மண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

குழியில் என்ன பார்ப்பது? 20 சென்டிமீட்டர் நீளம், அகலம், ஆழத்துக்கு ஒரு கட்டியாக வெட்டி எடுத்து ஒரு தார்ப்பாயில் போட்டு உதிர்த்துவிடுங்கள். மண்புழுக்களை எண்ணுங்கள். ஈரமான நாளில் நிறைய வரும், காய்ந்த நாளில் ஆழத்துக்குப் போய்விடும், அதனால் ஈரம் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வேர்கள் நேராக இறங்குகின்றனவா, அல்லது ஓர் ஆழத்தில் முட்டிப் பக்கவாட்டில் திரும்புகின்றனவா என்று பாருங்கள். திரும்பினால் அங்கே கலப்பையும் டிராக்டர் பாரமும் சேர்ந்து உண்டாக்கிய இறுக்கமான அடுக்கு இருக்கிறது. மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். புளித்த நாற்றமோ அழுகல் நாற்றமோ வந்தால் காற்றோட்டம் இல்லை.

அப்புறம் வளையம். பயிர் வரிசைகளுக்கு நடுவே, சக்கரம் ஓடாத இடமாகப் பார்த்து, பாதிக்கு மேல் மண்ணுக்குள் இறங்கும்படி அடியுங்கள். உள்ளே 440 மில்லி தண்ணீரை மெதுவாக ஊற்றினால் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் உயரம் நிற்கும். ஓர் அங்குல மழைக்குச் சமம். முதல் தடவை ஊற்றுவது மண்ணை நனைக்க. அது இறங்கியதும் மறுபடி அதே அளவு ஊற்றி, முழுவதும் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறியுங்கள். வேலியோரத்திலும் இதையே செய்யுங்கள். அங்கே சில நிமிடத்தில் இறங்கிய தண்ணீர் வயலுக்குள் அரை மணி நேரம் குளமாக நின்றால், மழை பெய்யும்போது அந்த வயலிலிருந்து என்ன ஓடும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. காத்திருக்கும் நேரத்தில்தான் குடும்பத்தோடு நல்ல பேச்சும் நடக்கும்.

காய்ந்த மண்கட்டி ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். குவளையில் தண்ணீர் நிரப்பி, வாயில் கம்பிவலையைத் தொங்கவிட்டு, கட்டி மூழ்கும்படி வையுங்கள். கரிமச் சத்து இல்லாத மண் கொஞ்ச நேரத்தில் கரைந்து சேறாகக் கொட்டும். வேர்களும் நுண்ணுயிர்களும் பிடித்துவைத்திருக்கும் மண் அப்படியே நிற்கும். தண்ணீர் பால் போலக் கலங்கினால் சோடியம் மிகுந்த களர் மண்ணாக இருக்கலாம், அதற்கு வேறு வைத்தியம். வேலியோரக் கட்டியையும் வயல் கட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வீட்டுப் பிள்ளைகள் இதை மறக்க மாட்டார்கள்.

மண் முடிந்ததும் தண்ணீரோடு நடங்கள். நிலத்தின் மிக உயரமான இடத்தில் தொடங்கி, மழைநீர் போகும் வழியிலேயே இறங்கி, அது நிலத்தை விட்டு வெளியேறும் இடம் வரை. வழியில் சிறு சிறு அரிப்புக் கோடுகள் இருக்கின்றனவா, வரப்பு உடைந்த இடத்தைச் சரி செய்திருக்கிறார்களா, வெளியேறும் இடத்தில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது. கிணற்றை எட்டிப் பாருங்கள். சாணக்குவியல் கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் இருக்கிறதா, பள்ளப்பக்கமா? கிணற்று நீரில் நைட்ரேட் பட்டையை ஒரு முறை நனைத்துப் பார்க்கலாம், ஆனால் அதில் ஏறியிருந்தால் பழி முழுவதையும் இந்தக் குடும்பத்தின் மேல் போடாதீர்கள், நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது.

பூச்சிமருந்து வைக்கும் அறையைக் கட்டாயம் திறந்து காட்டச் சொல்லுங்கள். அது பூட்டியிருக்கிறதா, காலி டப்பாக்களை மூன்று முறை அலசி ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்களா, அல்லது அதிலேயே குடிதண்ணீர் பிடிக்கிறார்களா? வீட்டின் முன்பக்கத்தைவிட இந்த அறை நிறையப் பேசும்.

உயிர்கள் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அது தெரிந்தவர் குழுவில் இருக்கிறார். உயிர்வேலி இருக்கிறதா, அதில் எத்தனை வகைச் செடிகள், வெவ்வேறு பருவத்தில் ஏதாவது பூத்துக்கொண்டே இருக்கிறதா, பட்டுப்போன மரத்தைப் பறவைகளுக்காக விட்டுவைத்திருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். அரிய பறவையோ விலங்கோ அங்கே கூடு கட்டியிருந்தால் இடத்தை எங்கும் எழுதாதீர்கள், படம் போடாதீர்கள்.

யாரிடம் பேசுவது

உலகில் 60 கோடிக்கும் மேற்பட்ட பண்ணைகள் இருக்கின்றன, பத்தில் ஒன்பதுக்கும் மேல் குடும்பங்கள் நடத்துபவை. ஐ.நா. 2019 முதல் 2028 வரை குடும்ப விவசாயப் பத்தாண்டு என்றும், 2026-ஐப் பெண் விவசாயிகளுக்கான ஆண்டு என்றும் அறிவித்திருக்கிறது. இருந்தும் நடுவர்கள் வந்து இறங்கியதும் வீட்டின் மூத்த ஆண் முன்னால் வருவார், மற்றவர்கள் ஓரமாக நிற்பார்கள். அவரோடு மரியாதையாகப் பேசிக்கொண்டே, எல்லோரையும் வயலுக்கு அழைத்துப் போங்கள். உரக்குழி பக்கம் போகும்போது, "அம்மா, இந்தக் குழியை யாரு பார்த்துக்கறது?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "நான்தாங்க. அவரு இந்தப் பக்கமே வரமாட்டாரு" என்று பதில் வந்தால், அடுத்த அரை மணி நேரம் யாரிடம் பேச வேண்டும் என்று தெரிந்துவிடும். விதை எடுத்து வைப்பது, ஆடுமாடு, எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் இப்படி ஓரத்தில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்விகள் நிறைய வேண்டாம். எனக்குப் பிடித்தவை மூன்று. முயற்சி செய்து தோற்றுப்போனது எது? கையில் பணம் இறுகிப்போன ஆண்டில் இதில் எதை முதலில் கைவிட்டீர்கள்? இந்த மரத்தை ஏன் வெட்டாமல் விட்டீர்கள்? தோல்வியைச் சொல்லத் தெரிந்த குடும்பம் உண்மையாகச் செய்து பார்த்த குடும்பம். எல்லாமே வெற்றி என்பவரிடம் இன்னொரு குழி தோண்டிப் பாருங்கள்.

பெயர்களை எழுதும் வேலையை அன்றைக்கே முடித்துவிடுங்கள். பட்டயத்தில் யார் யார் பெயர் வர வேண்டும், எந்த வரிசையில், எந்த எழுத்தில் என்று அவர்களே சொல்லட்டும். மனைவி பெயர் "திருமதி" என்று கணவர் பெயரோடு முடிந்துவிடக்கூடாது, அவர் பெயரிலேயே வரட்டும். வருடக்கணக்காகக் கூட வேலை செய்பவர் இருந்தால் அவரையும் சேர்க்கலாமா என்று கேளுங்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை நடந்துகொண்டிருந்தால் உங்கள் பட்டயம் ஒரு சாட்சி ஆகிவிடும், அதனால் பெயர் விஷயத்தில் எல்லோரும் சம்மதித்ததாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிவு செய்வது, கொடுப்பது

வயலை விட்டுக் கிளம்புமுன் நடுவர்கள் மூவரும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாகத் தங்கள் குறிப்பை எழுதிவிட வேண்டும். முதலில் பேசினால், குரல் பெரிதாக இருப்பவரின் கருத்துதான் எல்லோருடைய கருத்தாகவும் ஆகிவிடும். மதிப்பெண் போடுங்கள், ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் கண்ணால் பார்த்த ஒன்றை எழுத வேண்டும் என்று விதி வையுங்கள். "நீர்: 8" என்பது போதாது. "நீர்: 8, வெளியேறும் இடத்தில் வண்டல் இல்லை, கிணற்று மட்டத்தைச் சுவரில் குறித்து வருகிறார்கள்" என்று இருக்க வேண்டும். தகுதியானவர் இல்லையென்றால் அந்த ஆண்டு விருது இல்லை என்று சொல்லும் உரிமையையும் விதியிலேயே எழுதி வையுங்கள்.

தேர்வாகாத குடும்பங்களுக்கு இரண்டு வரிக் கடிதம் அனுப்பினால் போதாது. நீங்கள் அவர்கள் நிலத்தைத் தோண்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். என்ன நன்றாக இருந்தது, எதை மாற்றலாம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், வளையத்தில் தண்ணீர் இறங்கிய நேரத்தையும் சேர்த்து. பலருக்கு விருதைவிட இந்தக் காகிதம்தான் பயன்படும்.

என்ன கொடுப்பது? கேடயம் அலமாரிக்குப் போகும். பண்ணை வாசலில் நடும் பலகை நன்றாக இருக்கும், வெயில் மழை தாங்கும் பொருளில் செய்யுங்கள், அதில் ஆண்டை மறக்காமல் போடுங்கள். நிலம் கைமாறிய பிறகும் அந்தப் பலகை அங்கேயே நின்றால், எந்த ஆண்டின் உழைப்புக்குக் கொடுத்தது என்றாவது தெரிய வேண்டும். பணம் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், கட்டுப்பாடு எதுவும் வைக்காதீர்கள். சிறிய அமைப்பு என்றால், அடுத்த சில ஆண்டுகளுக்கு மண், நீர்ப் பரிசோதனைச் செலவை ஏற்றுக்கொள்ளலாம்.

விழாவை மண்டபத்தில் வைக்காமல் அந்த வயலிலேயே வையுங்கள். பேச்சாளர்களைக் குறைத்து, பக்கத்து விவசாயிகளை அதிகம் கூப்பிடுங்கள். குடும்பம் முன்னால் நடக்க, மற்றவர்கள் பின்னால் நடந்து, அதே வளையச் சோதனையை எல்லோர் முன்னாலும் ஒரு முறை செய்து காட்டினால் பாதிப் பேச்சு மிச்சம். பந்தலும் நாற்காலியும் போட்டு மண்ணை இறுக்காமல் இருக்க, தரிசாகக் கிடக்கும் மூலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விழாவுக்குப் பிறகு

பலகை நட்ட அடுத்த வாரமே ஆட்கள் வரத் தொடங்குவார்கள். மாணவர்கள், பத்திரிகைக்காரர்கள், வீடியோ எடுப்பவர்கள். குடும்பத்துக்கு வேலை கெடும். மாதத்தில் ஒரு நாள் மட்டும் பார்வையாளர் நாள், மற்ற நாட்களில் முன்னனுமதி இல்லாமல் வரக்கூடாது என்று உங்கள் பெயரிலேயே அறிவித்துவிடுங்கள், "வராதீங்க" என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டியிருக்காது. கற்றுக்கொடுக்கும் நேரத்துக்குக் கூலி உண்டு என்பதையும் பேசி வையுங்கள்.

வயல் நடையின்போது எடுத்த படங்களில் நான்கைந்து இடங்களைக் குறித்துவைத்து, ஆண்டுதோறும் அதே இடத்தில் நின்று, அதே திசையில், அதே பருவத்தில் படம் எடுத்து வாருங்கள். குறிப்பேடு, வளைய நேரங்கள், படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் குடும்பத்திடம் இருக்க வேண்டும், அவர்களைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. மூன்றாம் ஆண்டு ஒரு தடவை, விருது எதுவும் இல்லாமல், சும்மா போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் ஆண்டு பரிந்துரைகள் மிகக் குறைவாகத்தான் வரும். தேதியை நீட்டித்துக்கொண்டே போகாமல், வந்தவற்றை வைத்தே வயல் நடையை நடத்திவிடுங்கள். அந்த நடையில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு குடும்பத்திடமும் கிளம்பும்போது, "உங்களைவிட நல்லா பண்றவங்க யாரு இருக்காங்க?" என்று கேட்டுப் பெயரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுப் பட்டியல் அங்கேயே தயாராகிவிடும்.